ஐந்து கிளிக் வெளிச்சம்

மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. முன்னறையில் ஒரு மேஜை, கம்ப்யூட்டர், கண்ணாடி, சீப்பு. உள்ளறையில் விளக்குகள், மூன்று நிறத் திரை, தெருவைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் படியேறும்போதே கேட்டுக்கொண்டு வருவார்கள், உள்ளே இருப்பது அண்ணனா, தங்கச்சியா என்று. தாங்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே வந்தால் போதும் என்பவர்களுக்குத் தங்கை. அதற்கு மேல் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கு அண்ணன். இரண்டாவது வகைதான் அதிகம் என்பதால் கடை அண்ணன் பேரில் ஓடியது.

தங்கைக்கு மீட்டரக்கா என்று பேர். அண்ணன் கிண்டலாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கழுத்தில் எந்நேரமும் ஒரு மீட்டர் தொங்கும். உள்ளங்கை அளவுதான், தலையில் பாதிப் பந்து மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ். படம் எடுக்கும் முன் அதை ஆளின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அமுக்குவாள். ஓர் எண் வரும். கேமராவை எம் என்ற எழுத்துக்குத் திருப்பி, அந்த எண்ணைத் தன் கையாலேயே வைப்பாள். பிறகுதான் படம். ஊசி போட வருகிறார்களோ என்று குழந்தைகள் அழுவதும் உண்டு.

கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருக்கும்போது கழுத்தில் எதற்கு ஒன்று என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். அரை மணி நேரம் பாடம் நடக்கும். கேமராவின் மீட்டர் நம்மேல் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதற்குத் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்று, நடுத்தரச் சாம்பல். வெள்ளைச் சட்டையைக் காட்டினால் இது இவ்வளவு வெளுப்பாக இருக்க நியாயமில்லை என்று இருட்டாக்கும். கறுப்புச் சட்டையைக் காட்டினால் இவ்வளவு கறுப்பாக இருக்க நியாயமில்லை என்று வெளுக்கும். கையில் இருக்கிற மீட்டர் அப்படியில்லை. மேலே விழுகிற வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். விழுந்த இடம் கறுப்பா சிவப்பா என்று அது கேட்பதில்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் ஏறும்.

ஏறாமல் என்ன செய்யும்? அவள் கறுப்பு. மாநிறம், கொஞ்சம் நிறம் கம்மி என்றெல்லாம் சொந்தக்காரர்கள் பூசி மெழுகுகிற கறுப்பு அல்ல, கறுப்பு. கல்யாணத்துக்காக மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படத்தை அண்ணன்தான் எடுத்தார். பிலிம் காலம் அது. நானூறு வேகப் பிலிமைப் போட்டுவிட்டு, கேமராவிடம் நூறு என்று பொய் சொல்லிவிடுவார். கேமரா அதை நம்பி நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பொய்யில் பாதி பிலிமில், மீதி பிரிண்ட் போடும்போது. வெளியே வந்த படத்தில் கூடப் பிறந்தவள் மாதிரி ஒருத்தி, இவளைவிட நாலு சாயல் வெளுப்பாக, அடக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அவளைத்தான் பிடித்தது.

பெண் பார்க்க வந்த அன்று மாமியாராகப் போகிறவள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருந்த பொண்ணு எங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். படத்தை வைத்தே பேச்சு முடிந்து தேதி குறித்தாகிவிட்டது, பின்வாங்கினால் அசிங்கம் என்று கல்யாணம் நடந்தது. அந்தக் கேள்வியை மாமியார் சாகும்வரை, பதினெட்டு வருஷம், நல்லது கெட்டது எதற்கும் ஒருமுறை எடுத்து வைத்தாள். கணவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாய்க்கு எதிராகவும் சொல்லவில்லை, இவளுக்கு எதிராகவும் சொல்லவில்லை. நல்ல மனுஷன் என்று ஊர் அவரைத்தான் சொன்னது.

மகள் பிறந்த அடுத்த வருஷம் அவள் அண்ணன் கடைக்கே வேலைக்குப் போனாள். அப்போது இருட்டறை இருந்தது. அதற்கு ஆள் தேடவே வேண்டாம், பொருத்தமான ஆள் வீட்டிலேயே இருக்கிறது என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இருட்டறையில் நின்று அண்ணனின் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மனுஷர் எங்கெங்கே பொய் சொல்லியிருக்கிறார் என்று கற்றுக்கொண்டாள். தொழிலை அவள் கற்ற விதம் அதுதான். பழைய சாமான் கடையில் மீட்டர் கிடைத்தது, கூடவே முதல் பக்கம் கிழிந்த அதன் கையேடும். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். தன் கையால் யாரையும் வெளுக்க மாட்டேன்.

இந்த முடிவால் கடைக்கு வந்த நஷ்டத்தைப் பற்றி அண்ணன் நாள் முழுக்கப் பேசுவார். ஒரு முறை ஒரு தாய், பையனின் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் வெளுப்பாக வேண்டும் என்றாள். மீட்டரக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். "சோப்பு விக்கிற கடை கீழ மூணாவது கடைங்க. இங்க போட்டோ மட்டும்தான்" என்றாள். அந்த அம்மாள் படியிறங்கும்வரை திட்டிக்கொண்டே போனாள். பையன் மட்டும் மேஜைமேல் இருந்த படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டதை மீட்டரக்கா பார்த்தாள்.

ஆனால் கஷ்டமான வேலை என்று வந்தால் அண்ணனுக்கும் அவள் வேண்டும். டிஜிட்டல் வந்த புதிதில் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. இருட்டு அரங்கம், மேடையில் மட்டும் சுள்ளென்று விளக்கு. அண்ணன் எல்லாவற்றையும் கேமராவிடமே விட்டுவிட்டார். அது அரங்கம் முழுவதையும் பார்த்து, அடடா ஒரே இருட்டாயிருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கொட்டியது. பரிசு கொடுத்த மேனேஜர் முகம் உரித்த முட்டை மாதிரி வந்தது, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இடைவேளையில் அண்ணன் வியர்த்துப்போய் தங்கையைத் தேடினார். மேடைக்கு ஏறி மீட்டர் பிடிக்க முடியாது. அவள் கேமராவைப் புள்ளி அளவீட்டுக்கு மாற்றி, மேடையில் நின்ற ஒரு முகத்தை மட்டும் குறிவைத்து அளந்தாள். அந்த முகத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு எம்மில் வைத்தாள். பிற்பாதி முழுக்க மூக்கும் முழியுமாக வந்தது. மறுநாள் கம்பெனியிலிருந்து பாராட்டினார்கள். நம்ம கையில் வந்த படம்தானே என்று அண்ணன் அதை வாங்கிக்கொண்டார்.

மகள் அந்த ஸ்டூடியோவில்தான் வளர்ந்தாள். அம்மாவைவிட ஒரு சாயல் கூடுதல் கறுப்பு. விளக்குகளைச் சரிபார்க்க யாராவது முக்காலியில் உட்கார வேண்டும் என்றால் அவள்தான் உட்காருவாள். கன்னத்துக்குப் பக்கத்தில் மீட்டர் வந்தால் தானாகவே தாடையைத் தூக்கிக் கொடுப்பாள். வந்த படத்தை எட்டிப் பார்த்ததே கிடையாது. கூடப் படித்த பெண்கள் கைபேசியில் ஐம்பது படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, எங்க அம்மா எடுத்தா ஒண்ணு போதும் என்பாளாம். தோழி ஒருத்தி வந்து சொன்னபோது மீட்டரக்காவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஹோட்டல் நிர்வாகம் படித்தாள். வகுப்பில் இரண்டாவது. வரவேற்பு மேஜையில் நிற்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வருகிறவர்களை முதலில் பார்க்கிற ஆள் தானாக இருக்க வேண்டுமாம். மூன்று ஹோட்டலுக்கு விண்ணப்பம் போனது, மூன்றிலும் மீட்டரக்கா எடுத்த படம். மூன்றிலிருந்தும் ஒரு கடுதாசிகூட வரவில்லை. இவளுக்குக் கீழே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரை அதே மேஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கணவர் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்து, படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். மீட்டரக்கா தட்டை அவர் முன்னால் வைத்த சத்தத்தில் அவர் அப்புறம் பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து அவள் தலைக்குள் குடியேறிவிட்டது.

நாலாவது பெரிய ஹோட்டல். விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்க அன்றே கடைசி நாள், மகளுக்குப் பதினோரு மணிக்கு வேறொரு தேர்வு. படத்தை எடுத்து ஒட்டி அம்மாவே அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. காலை வெளிச்சம் ஜன்னலில் நன்றாக இருந்தது, விளக்குப் போடவில்லை. பின்னால் இளஞ்சாம்பல் திரை. மகள் முக்காலியில் உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் கொடுத்தாள். மீட்டர் எண் சொன்னது.

மீட்டரக்கா அந்த எண்ணை வைக்கவில்லை. கேமராவை எம்மிலிருந்து ஏ-வுக்குத் திருப்பினாள். ஏ-வில் வைத்தால் லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்வோம், எவ்வளவு நேரம் வெளிச்சத்தை விடுவது என்பதைக் கேமராவே முடிவு செய்துகொள்ளும். அது போடும் கணக்கில் நமக்குத் திருப்தி இல்லையென்றால் கூட்டவும் குறைக்கவும் மேலே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. மூன்று கிளிக் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். எம்மிலேயே அவள் எண்ணை மாற்றி வைத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. ஆனால் எம்மில் இருப்பது அவளுடைய கணக்கு. அதில் பொய் எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஏ-வில் என்றால், கணக்கைக் கேமரா போட்டது, நான் சும்மா சக்கரத்தைத்தான் தொட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மனசு இப்படியெல்லாம் சந்து பொந்து தேடும் என்று அவள் அதற்கு முன் நினைத்ததில்லை.

முதல் படம் சக்கரத்தைத் தொடாமல் எடுத்தாள். திரையில் பார்த்தாள். மகள் அப்படியே இருந்தாள், கண்ணில் அவளுக்கே உரிய குறும்போடு. ஒரு கிளிக் கூட்டி எடுத்தாள். பார்த்தாள். இன்னொன்று. மகள் தேர்வுக்கான குறிப்பை மடியில் வைத்துப் படித்துக்கொண்டு, சொன்னபோது மட்டும் நிமிர்ந்தாள். ஒரு படம் போதுமே, இன்னும் எத்தனை என்று கேட்டாள். வெளிச்சம் மாறிக்கொண்டேயிருக்கிறது என்றாள் அம்மா. வெளியே மேகமே இல்லை. மூன்று, நாலு. நாலில் நிறுத்தலாம் என்று நினைத்தாள். வரவேற்பு மேஜையை நினைத்துக்கொண்டாள், அங்கே நின்ற எந்தப் பெண்ணின் முகமும் இப்படி இருந்ததாக ஞாபகம் இல்லை. ஐந்தாவது கிளிக்கையும் திருப்பினாள்.

மகள் தேர்வுக்கு ஓடினாள். ஆறாவது படத்தைப் பிரிண்ட் போட்டு விண்ணப்பத்தில் ஒட்டி, உறையை மூடி, அஞ்சலகம் மூடுவதற்குள் அனுப்ப மீட்டரக்காவும் ஓடினாள். திரும்பி வந்ததும் கேமராவை வழக்கம்போல எம்முக்குத் திருப்பினாள். சக்கரத்தை மறந்துவிட்டாள். மறந்தது அவளுக்குத் தெரியவும் வாய்ப்பில்லை, எம்மில் எடுக்கிறவர்களுக்கு அந்தச் சக்கரம் எந்த எண்ணில் நின்றாலும் ஒன்றுதான். இருபது வருஷமாக அதைத் தொட்டிராத ஒருத்திக்குத்தான் இந்தத் தப்பு நடக்கும். கேமரா கூட்டல் ஐந்து கிளிக்கிலேயே இரண்டு வாரம் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணனின் கேமரா ரிப்பேருக்குப் போனது. நர்சிங் பள்ளியில் குரூப் போட்டோவுக்கு அவர் தங்கையின் கேமராவை எடுத்துப் போனார். வழக்கம்போல ஏ-வில் வைத்தார். வெயிலில் நாற்பது பெண்கள், வெள்ளை உடுப்பு, பின்னால் இருண்ட மரத்தோப்பு. கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், நாற்பது தலைகள் ஒரு வெள்ளைச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தன. உடுப்பில் ஒரு மடிப்புக்கூட இல்லை. படத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் காட்டிய விவரத்தைப் படித்தார். கூட்டல் ஐந்து கிளிக். யார் எதற்கு வைத்தது என்று கோபத்தோடு பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனவர், தங்கை மகளின் ஆறு படங்கள் வந்த இடத்தில் நின்றார். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

தங்கை வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் உனக்குக் கூட்டின அளவுக்கே வந்துட்டியேம்மா" என்றார். நாற்பது நர்சுகளையும் மறுபடி எடுக்க வேண்டுமே என்ற கவலைகூட அவருக்கு இல்லை. இத்தனை வருஷம் கழித்து வழக்கில் ஜெயித்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மீட்டரக்கா மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அண்ணனிடம் அவள் கெஞ்சியது அதுதான் முதல்முறை. அவர் தாராளமாகச் சம்மதித்தார். அந்தத் தாராளம்தான் அவளைக் கொன்றது.

படங்களை அன்றே அழித்திருக்கலாம். முதல் படத்தில் மகள் அவ்வளவு நன்றாக இருந்தாள், அழிக்க மனம் வரவில்லை. மற்ற ஐந்தையும் மட்டும் அழிக்கலாம் என்று நினைத்தபோது யாரோ வாடிக்கையாளர் வந்துவிட்டார், அப்படியே விட்டுப்போயிற்று.

அந்த வாரமே ஹோட்டலிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மகள் வீட்டில் குதித்தாள். கணவர் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் சந்தோஷப்பட்டார். கணக்கு சரியாக வந்துவிட்டது, உண்மைப் படத்துக்கு மூன்று தடவை கதவு மூடியது, ஐந்து கிளிக்குக்குத் திறந்துவிட்டது. உள்ளே போய் அவள் பேசினால் போதும், பேச்சில் மயங்காதவர்கள் யார், படத்தை எவன் ஞாபகம் வைத்திருக்கப் போகிறான் என்று மீட்டரக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போட்டோவுல இருந்த பொண்ணு எங்க என்ற கேள்வியைப் பதினெட்டு வருஷம் காதில் வாங்கியவள், அதை நம்பினாள்.

நேர்காணல் முடிந்து மகள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள். அண்ணன் வெளி வேலைக்குப் போயிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்குச் சொன்னாள், நிதானமாகத்தான் சொன்னாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள், மிகவும் மரியாதையானவள். விண்ணப்பத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தாள். நன்றாகத்தான் பேசினார்கள். கடைசியில் வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, உள்ளே சலவைப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

"அந்தப் படத்தைத் தலைகீழாப் பார்த்தேன்மா. மேஜைமேல இருந்துச்சு. நான்னு எனக்கே தெரியல."

மீட்டரக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இங்கே வளர்ந்த பெண், எங்கே தேட வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. தேதியைப் போட்டதும் ஆறு படங்களும் ஒரே வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றின் கீழும் எத்தனை கிளிக் கூட்டியது என்ற எண். ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரே பெண் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போனாள். ஆறாவதில் மூக்கின் ஓரத்து மச்சம் இல்லை. மகள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் படத்தை அவள் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல்முறை.

"ஒரே தடவையில திருப்பியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. ஒண்ணு ஒண்ணாப் பார்த்துப் பார்த்துத் திருப்பியிருக்கே. அஞ்சாவது படத்துலகூட நான் போதலையா?"

மீட்டரக்காவுக்கு உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வந்தது, அது மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்பிய அன்று அண்ணன் சொன்ன சொல் என்பதால் முழுங்கினாள். உன்னை மாதிரி அழகு யாரும் இல்லை என்று சொல்ல வந்தது, அந்த ஆறு படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எனக்கு நீ எப்பவும் போதும் கண்ணு. அவங்களுக்குத்தான் பத்தாதுன்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில். அது பொய்யில்லை என்றுதான் அவள் நம்பினாள்.

"அன்னைக்கு ரூம்ல அவங்க யாரும் இல்லையேம்மா," என்றாள் மகள். "நீயும் நானும்தானே இருந்தோம்."

அவள் எழுந்து, கண்ணாடிக்கு முன்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சலவைப் பிரிவுக்கு வரமாட்டேன் என்று அன்றே எழுதிப் போட்டுவிட்டாள். அடுத்த விண்ணப்பத்துக்குப் படம் தேவைப்பட்டபோது தெருவுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தாள். மீட்டரக்கா உள்ளறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். கடைக்காரன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தான். படம் எடுத்ததும் மகள் எழுந்து போய், வந்த படத்தை அவன் கையிலிருந்து வாங்கிச் சரிபார்த்தாள்.